'காக்கா'வை 'தாத்தா' என்கிறதா உங்கள் குழந்தை?

"டாக்டர், பையன் நல்லாத்தான் பேசுறான். ஆனா அவன் பேசுறது எனக்கும் அவங்க அப்பாவுக்கும் மட்டும்தான் புரியுது. பக்கத்து வீட்டுக்காரங்க 'என்ன சொல்றான்?'னு என்னைக் கேட்கிறாங்க. நாலு வயசு முடியப் போகுது. நாக்கு தடிப்புன்னு மாமியார் சொல்றாங்க. வசம்பு ஏதாவது தேய்க்கலாமா?"

மாதத்துக்கு இரண்டு மூன்று தாய்மார்களாவது இந்தக் கேள்வியோடு வந்துவிடுகிறார்கள். நான் சித்த மருத்துவன் என்பதால், வசம்பு என்று கேட்டதும் எடுத்துக் கொடுத்துவிடுவேன் என்று எதிர்பார்ப்பார்கள். நான் கேட்கும் முதல் கேள்வி அவர்களுக்குப் பிடிக்காது. "பையனுக்குக் காது நல்லாக் கேட்குதா?" என்பேன். உடனே கோபம் வரும். "என்ன டாக்டர் இப்படிக் கேட்கறீங்க? அடுத்த ரூம்ல பிஸ்கட் பாக்கெட் பிரிச்சா ஓடி வர்றானே!"

சத்தம் கேட்பது வேறு, சொல்லின் ஒலிகள் தெளிவாகக் கேட்பது வேறு. இன்னொரு விஷயமும் உண்டு. காது நன்றாகக் கேட்டாலும், 'க'வுக்கும் 'த'வுக்கும் உள்ள வித்தியாசம் அந்தக் குழந்தையின் மனதில் பதிந்திருக்க வேண்டும். இந்த இரண்டையும் விட்டுவிட்டு "எங்கே, சொல்லு! 'கா' சொல்லு! சரியாச் சொல்லு!" என்று குழந்தையின் வாயைப் பிடித்து உலுக்குவதால்தான் பல வீடுகளில் வருஷக்கணக்கில் முன்னேற்றம் இல்லாமல் போகிறது. உச்சரிப்புக் கோளாறு உள்ள குழந்தைக்குக் காது வழியாக ஆரம்பிக்கும் பயிற்சியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

நாக்கு தடிப்பா?

பெரும்பாலும் இல்லை. நீங்களே யோசித்துப் பாருங்கள். 'காக்கா'வை 'தாத்தா' என்று சொல்லும் குழந்தை, 'த' என்ற ஒலியை எவ்வளவு அழகாகச் சொல்கிறது! நுனிநாக்கைத் தூக்கி மேல்பல்லில் வைக்கத் தெரிகிறது. ஐஸ்கிரீமைச் சுற்றிச் சுற்றி நக்கத் தெரிகிறது. உதட்டோரம் ஒட்டிய பாயசத்தை நாக்காலேயே எடுத்துவிடத் தெரிகிறது. அந்த நாக்குக்குப் பலம் இல்லை என்று எப்படிச் சொல்ல முடியும்? எந்த ஒலிக்கு எந்த இடம் என்ற கணக்கில்தான் அந்தக் குழந்தைக்குக் குழப்பம்.

வசம்புக்கு 'பிள்ளை வளர்ப்பான்' என்று பெயர். உரைமருந்தில் அதற்கு முக்கியமான இடம் உண்டு. குழந்தையின் வயிற்று உப்புசத்துக்குச் சுட்டு உரைத்துக் கொடுப்பது நம் பாட்டிமார் வழக்கம். ஆனால் நாக்கில் தடவினால் 'த' போய் 'க' வந்துவிடும் என்று நான் எந்தக் குழந்தையிடமும் பார்த்ததில்லை. தினமும் தேய்த்துக்கொண்டே இருப்பது நல்லதும் அல்ல. அதிகமானால் வாந்தி எடுக்கும். அதில் தேன் குழைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஒரு வயது முடியாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி, பச்சைக் குழந்தையின் குடலில் வளர்ந்து நரம்புகளை முடக்கும் விஷத்தை உண்டாக்கிவிடலாம்.

நாக்குக்கு அடியில் இருக்கும் சவ்வு குட்டையாக இருப்பதை 'நாக்குக் கட்டு' என்கிறோம். அதைக் கத்தரித்தால் பேச்சு தெளிவாகிவிடும் என்று நினைப்பவர்களும் உண்டு. நாக்கை வெளியே நீட்டவும் மேல்பல்லைத் தொடவும் முடிகிற குழந்தைக்கு அது தேவைப்படுவது அபூர்வம். அதிலும் 'க' என்ற ஒலிக்கு நுனிநாக்கு வேலையே செய்வதில்லை.

காது எப்போது பழகுகிறது?

குழந்தை முதல் வார்த்தை பேசுவதற்கு வெகு முன்பே காது பாடம் படிக்க ஆரம்பித்துவிடுகிறது. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் தாயின் குரலைக் கருவிலேயே கேட்கிறது.

1984-ல் கனடாவில் ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். நமக்கு நன்றாகவே புரியக்கூடிய சோதனை அது. நம்முடைய 'ட', 'த' போன்ற இரண்டு இந்தி ஒலிகளை, ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்குப் போட்டுக் காட்டினார்கள். ஆங்கிலத்தில் இந்த வித்தியாசம் கிடையாது. ஆனாலும் 6 முதல் 8 மாதக் குழந்தைகள் இரண்டையும் பிரித்து அறிந்தன. 10 முதல் 12 மாதக் குழந்தைகளில் பெரும்பாலானவற்றால் முடியவில்லை! தன் வீட்டுப் பேச்சில் தேவையில்லாத வித்தியாசத்தைக் காது ஒதுக்கிவிடுகிறது, தேவையானதைக் கூர்மையாக்கிக்கொள்கிறது. ஒரு வயதுக்குள்ளேயே இவ்வளவு வேலை நடந்துவிடுகிறது.

இந்த நேரத்திலும், அடுத்த இரண்டு மூன்று வருஷங்களிலும் காதில் தடங்கல் வந்தால்? சளி பிடிக்கும்போது சில குழந்தைகளுக்கு நடுக்காதில் நீர் கோத்துக்கொள்ளும். வலி இருக்காது, சீழ் வராது. அதனால் வீட்டில் யாருக்கும் தெரியாது. தண்ணீருக்குள் தலையை முக்கிக்கொண்டு அடுத்தவர் பேச்சைக் கேட்பது போல, எல்லாம் மங்கலாகக் கேட்கும். ஒரு வாரம் நன்றாகக் கேட்கும், அடுத்த வாரம் கேட்காது. 'கூப்பிட்டா சில சமயம் திரும்புறான், சில சமயம் வேணும்னே திரும்ப மாட்டேங்கிறான்' என்று சொல்கிறோமே, அந்த 'வேணும்னே'வைக் கொஞ்சம் சந்தேகப்படுங்கள்.

யு.கே.ஜி. படிக்கும் ஒரு பெண் குழந்தையை, 'சத்துக்கு ஏதாவது லேகியம் கொடுங்க' என்று அழைத்து வந்தார்கள். வகுப்பில் மந்தம், வாயே திறப்பதில்லை என்று பள்ளியில் சொல்லியிருந்தார்கள். வீட்டிலும் அவளுடைய மழலையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்ததில், உறவுக்காரர்கள் வந்தால் அம்மாவின் சேலைக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள். வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். இரவில் குறட்டை உண்டு என்றார் தாய். லேகியம் தராமல் காது-மூக்கு-தொண்டை நிபுணரிடம் அனுப்பினேன். மூக்குக்குப் பின்னால் 'அடினாய்டு' சதை வீங்கியிருந்தது. இரண்டு காதிலும் நீர். சிகிச்சை முடிந்து, பிறகு ஏழெட்டு மாதம் பேச்சுப் பயிற்சி. இப்போது அந்தத் தாய் சொல்லும் புகார், "வாயை மூட மாட்டேங்கிறா டாக்டர்" என்பதுதான். மந்தம் என்று முத்திரை குத்தி அந்தக் குழந்தையை அப்படியே விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

எனவே, உச்சரிப்பில் கோளாறு என்று தெரிந்ததும் முதல் வேலை செவிப் பரிசோதனை. மூன்று வயதைத் தாண்டிய குழந்தைக்கு, சத்தம் கேட்டதும் டப்பாவில் ஒரு கட்டையைப் போடச் சொல்லி விளையாட்டாகவே 'ஆடியோகிராம்' எடுத்துவிடுவார்கள். நடுக்காதில் நீர் இருக்கிறதா என்று பார்க்க 'டிம்பனோமெட்ரி' என்ற சோதனை இருக்கிறது. ஊசியும் இல்லை, வலியும் இல்லை. சின்னஞ்சிறு குழந்தைக்கும் தூங்கும்போது எடுக்கக்கூடிய சோதனைகள் உண்டு. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் காது-மூக்கு-தொண்டைப் பிரிவில் விசாரியுங்கள். 2013-ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் மாவட்டங்களில் ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் இருக்கின்றன. அங்கேயும் கேட்கலாம்.

இன்னொன்று. காதுக்குள் காய்ச்சிய எண்ணெய், பூண்டுச்சாறு, தாய்ப்பால் எதையும் ஊற்றாதீர்கள். ஹேர்பின் வேண்டவே வேண்டாம்.

எது மழலை, எது கோளாறு?

எல்லா மழலைக்கும் பயப்பட வேண்டியதில்லை. தோராயமான கணக்கு இதுதான். இரண்டு வயதுக் குழந்தை பேசுவதில் பாதியாவது வெளி ஆட்களுக்குப் புரிய வேண்டும். மூன்று வயதில் முக்கால் பங்கு. நாலு வயதில் அநேகமாக எல்லாமே புரிய வேண்டும், ஓரிரு ஒலிகள் தவறினாலும் பரவாயில்லை. 'ப', 'ம' போன்ற உதட்டு ஒலிகள் முதலில் வரும். 'க' மூன்று, மூன்றரை வயதுக்குள் வந்துவிடும். 'ர', 'ழ' எல்லாம் கடைசியில் வரும். ஐந்தாறு வயது வரை பொறுக்கலாம்.

அதிலும் 'ழ' ஒரு தனிக்கதை. திருநெல்வேலிப் பக்கம் 'வாளப்பளம்' என்பார்கள். சென்னையில் 'வாயப்பயம்' என்பவர்கள் உண்டு. அது வட்டார வழக்கு, வியாதி அல்ல. தாத்தாவும் அப்பாவும் 'மளை' என்று சொல்லும் வீட்டில் குழந்தை மட்டும் 'மழை' என்று சொல்லவில்லையே என்று கவலைப்படுவது எந்த ஊர் நியாயம்?

ஆனால் ஒன்றரை வயதாகியும் ஒரு வார்த்தைகூட இல்லை, இரண்டு வயதில் இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசவில்லை, பேசிக்கொண்டிருந்த பேச்சு நின்றுவிட்டது, பேச்செல்லாம் மூக்கில் வருகிறது என்றால் வீட்டு வைத்தியத்தில் காலம் கடத்தாதீர்கள்.

"தோழி முட்டை போட்டுச்சு!"

காது நன்றாக இருக்கிறது என்று ரிப்போர்ட் வந்துவிட்டது. அப்படியானால் ஏன் 'கோழி'யைத் 'தோழி' என்கிறான்?

வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். கோழிப் படத்தைக் காட்டி நீங்களே "இது தோழியா?" என்று கேளுங்கள். பல குழந்தைகள் கோபத்தோடு "இல்லே! தோழி!" என்று உங்களைத் திருத்தும். "ஓ... கோழியா?" என்றால் "ஆமா, தோழி" என்று சமாதானமாகும். இதே வேடிக்கையை 1960-ல் ஜீன் பெர்கோ, ரோஜர் பிரவுன் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தக் குழந்தை தன் பிளாஸ்டிக் மீனை 'ஃபிஷ்' என்று சொல்ல வராமல் 'ஃபிஸ்' என்றது. பெரியவர் 'ஃபிஸ்' என்றதும் ஒத்துக்கொள்ளவில்லை!

இந்தக் குழந்தைக்கு அடுத்தவர் செய்யும் தவறு கேட்கிறது. தன் வாயிலிருந்து வரும் தவறு கேட்கவில்லை. இன்னொரு வகைக் குழந்தை நீங்கள் 'தோழி' என்றாலும் 'கோழி' என்றாலும் தலையாட்டும். அதற்கு இரண்டும் ஒன்றாகவே படுகிறது. இந்த இரண்டாவது வகைக் குழந்தையிடம் "சரியாச் சொல்லு" என்று கத்துவது, சுருதி பிரித்துக் கேட்கத் தெரியாதவனைக் கச்சேரிக்குப் பாட உட்கார வைப்பது மாதிரி. எது சரி என்றே தெரியாதபோது எதைச் சரி செய்யும்?

அமெரிக்காவில் பேச்சுச் சிகிச்சைக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர் சார்லஸ் வான் ரைப்பர். இவருக்கே திக்குவாய் இருந்தது. 1939-ல் வெளிவந்த அவருடைய பேச்சுத் திருத்தப் புத்தகத்தில், வாய்ப் பயிற்சிக்கு முன்னால் காதுப் பயிற்சி என்ற முறையை வகுத்தார். அதை நாலு படியாகச் செய்வார்கள். நம் வீட்டுக்கும் தமிழுக்கும் ஏற்ற மாதிரி அதைச் சொல்கிறேன். 'க'வுக்குப் பதில் 'த' சொல்லும் குழந்தையை உதாரணமாக வைத்துக்கொள்வோம்.

வீட்டில் காதுப் பயிற்சி

ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம் போதும். டி.வி., மிக்ஸி, செல்போன் எல்லாம் ஓய்ந்திருக்கும் நேரமாகப் பாருங்கள். குழந்தைக்கு எதிரில் உட்காராமல் பக்கத்தில், ஒரு முழ தூரத்தில் உட்காருங்கள். முதலில் உங்கள் வாயைப் பார்க்காமல் காதால் மட்டும் கேட்கட்டும். கத்த வேண்டாம், சாதாரணக் குரலில், கொஞ்சம் நிதானமாகப் பேசினால் போதும். முக்கியமான விதி ஒன்று உண்டு. இந்தப் பத்து நிமிஷத்தில் குழந்தையைச் 'சொல்லு' என்று கேட்கவே கூடாது.

முதல் படி, ஒலிக்கு ஒரு பெயர் வைப்பது. நாலு வயதுக் குழந்தைக்கு 'ககரம்' என்றால் என்ன புரியும்? "க்... க்... க்... இது தொண்டையில முள்ளு மாட்டின பூனை போடற சத்தம்" என்று சொல்லுங்கள். "த்... த்... த்... இது குழாய் சொட்டுற சத்தம்." இரண்டுக்கும் ஒவ்வொரு படம் வரைந்து வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஒலி கொடுக்க, குழந்தை பூனையையோ குழாயையோ தொட வேண்டும். 'ஸ'வில் தகராறு என்றால் சைக்கிள் டியூபில் காற்றுப் போகிற சத்தம். 'ர' என்றால் மோட்டார் பைக். குழந்தையே ஒரு பெயர் வைத்தால் இன்னும் உத்தமம்.

இரண்டாவது, அந்த ஒலியைச் சொல்லுக்குள் கண்டுபிடிப்பது. ஒரு டப்பாவும் ஒரு கைப்பிடி புளியங்கொட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் வரிசையாகச் சொற்கள் சொல்ல, 'பூனைச் சத்தம்' வந்தால் மட்டும் குழந்தை ஒரு கொட்டையைப் போட வேண்டும். 'பந்து, மாடு, கை, பூ, குடை...' என்று ஆரம்பியுங்கள். முதலில் 'க', 'ப', 'ம' என்று ரொம்ப வேறுபட்ட ஒலிகளாகக் கலக்கவும். பிடிபட்ட பிறகு 'த'வில் தொடங்கும் சொற்களை நுழைக்கவும். வாயில் எதையும் போட்டுக்கொள்கிற தம்பி தங்கை வீட்டில் இருந்தால் புளியங்கொட்டை வேண்டாம், பெரிய கட்டைகளை வையுங்கள்.

இங்கே தமிழுக்கே உரிய ஒரு சிக்கலைச் சொல்லியாக வேண்டும். எழுத்தில் ஒரே 'க'தான். ஆனால் 'கல்' என்பதில் ஒரு ஒலி, 'பங்கு' என்பதில் வேறு ஒலி, 'பகல்' என்பதில் கிட்டத்தட்ட 'ஹ' மாதிரி இன்னொரு ஒலி. எழுத்தைப் பார்த்துப் பட்டியல் போட்டால் குழந்தை குழம்பிப் போகும். ஆரம்பத்தில் சொல்லின் முதலில் வரும் 'க' மட்டும் போதும். பிறகு மூக்கு, நாக்கு, பாக்கு, சக்கரம் என்று அழுத்தமான 'க்க'வுக்குப் போகலாம். பகல், நகம் எல்லாம் இந்தப் பட்டியலில் வேண்டாம்.

மூன்றாவது, காதை நிறைப்பது. இதைத்தான் நான் மிகவும் முக்கியம் என்று நினைக்கிறேன். இதற்குச் செலவும் இல்லை. பார்பரா ஹாட்சன், எலெய்ன் பேடன் என்ற இருவர் 1983-ல் வெளியிட்ட புத்தகத்தில் விவரித்த சிகிச்சை முறையிலும், பயிற்சியின் தொடக்கத்திலும் முடிவிலும் ஒரே ஒலி வரும் சொற்களை வரிசையாகக் குழந்தையின் காதில் விழச் செய்வது ஓர் அங்கம். கை, கால், கண், காது, கழுத்து, கட்டில், கதவு, குடம், குடை, கூடை, கிண்ணம், கரண்டி, கோழி, கிளி, கொக்கு, காக்கா, கரும்பு, கத்தரிக்காய்... இருபது சொற்கள் போதும். குழந்தை சாப்பிடும்போதோ படம் வரையும்போதோ நிதானமாக, தெளிவாக ஒருமுறை வாசியுங்கள். ஒரு நிமிஷம்கூட ஆகாது. காலையில் ஒருமுறை, தூங்கப் போகும்போது ஒருமுறை. குழந்தை திருப்பிச் சொல்ல வேண்டாம். தானாகச் சொன்னால் சந்தோஷம். சொல்வது தப்பாக இருந்தாலும் திருத்த வேண்டாம்.

பட்டியல் வாசிப்பது அலுத்துப் போகிறதா? அந்தச் சொற்களை வைத்துக் கதை கட்டுங்கள். "ஒரு காட்டுல ஒரு காக்கா. அந்தக் காக்காவுக்குக் கால்ல ஒரு கட்டு..." பாட்டிமார் இதில் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். வசம்பு தேய்க்கத் துடிக்கும் அந்த மாமியாரிடமே இந்த வேலையை ஒப்படைத்துவிடலாம்!

நாலாவது, சரியா தப்பா என்று தீர்ப்புச் சொல்வது. ஓர் ஒலி மாறினால் பொருளே மாறிப்போகும் ஜோடிகள் தமிழில் ஏராளம். கோழி - தோழி, கோடு - தோடு, கட்டு - தட்டு, காக்கா - தாத்தா. 'ர'வில் தகராறு என்றால் கார் - கால், வேர் - வேல். ல, ள குழப்பத்துக்குப் புலி - புளி, பல்லி - பள்ளி. இரண்டு படங்களை வைத்து, நீங்கள் சொல்வதைக் குழந்தை தொட வேண்டும். அடுத்து, நீங்களே வேண்டுமென்று தப்பாகச் சொல்லுங்கள். படத்தில் கதவு, நீங்கள் "ததவு" என்கிறீர்கள். குழந்தை "தப்பு!" என்று கத்த வேண்டும். அம்மாவைத் தப்பு என்று சொல்ல எந்தக் குழந்தைக்குத்தான் ஆசை இருக்காது? அப்பா ஆபீஸிலிருந்து வந்ததும் அவரையும் மாட்டிவிடுங்கள். ஒரே ஆளின் குரலில் மட்டும் பழகாமல், தாத்தா, அக்கா, பக்கத்து வீட்டு மாமி என்று பல குரல்களில் கேட்பது நல்லது.

கடைசியில்தான் குழந்தையின் சொந்தக் குரல். செல்போனில் நாலு சொல் பதிவு செய்து, உடனே போட்டுக் காட்டி, "இது சரியா, தப்பா?" என்று கேளுங்கள். பேசும்போது நம் கவனமெல்லாம் சொல்ல வந்த விஷயத்தில் இருக்கும். பதிவைக் கேட்கும்போதுதான் ஒலி காதில் விழும். ஆனால் இதைக் கேலியாகச் செய்தீர்களானால் எல்லாம் கெட்டது. அந்தப் பதிவைச் சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டுச் சிரிக்கிற வேலை வேண்டவே வேண்டாம்.

இவ்வளவும் பத்து நிமிஷப் பயிற்சி. மற்ற நேரத்தில்? "அம்மா, தோழி பாரு!" என்று ஓடி வந்தால், "தோழி இல்லடா, கோழி. எங்கே, கோழி சொல்லு" என்று மறிக்காதீர்கள். "ஆமா, கோழி! கோழி என்ன பண்ணுது? கோழிக்கு அரிசி போடலாமா?" என்று சரியான ஒலியை மூன்று தடவை அதன் காதில் போட்டுவிட்டு, கோழிக்கு அரிசி போடப் போய்விடுங்கள். மறித்து மறித்துத் திருத்தினால் குழந்தைக்குக் 'க' வராது. பேச்சே நின்று போகும்.

வாய் திறக்கும் கட்டம்

பத்துச் சொல்லில் எட்டு ஒன்பதைக் குழந்தை சரியாகப் பிரிக்க ஆரம்பித்ததும் வாய்ப் பயிற்சிக்குத் தயார் என்று கொள்ளலாம். சில குழந்தைகளுக்கு இதற்குள்ளேயே ஒன்றிரண்டு சொல்லில் 'க' தானாக எட்டிப் பார்க்கும். ஆனால் காதுப் பயிற்சி மட்டுமே போதும் என்று நான் சொல்ல மாட்டேன். காதுப் பயிற்சியும் வாய்ப் பயிற்சியும் சேரும்போதுதான் பலன் அதிகம். 1994-ல் வெளியான ஒரு கனடா ஆய்வில், ஓர் ஒலியைச் சொல்ல வராத சிறு குழந்தைகளுக்கு அந்த ஒலியையே சரியாகவும் தவறாகவும் கேட்கவைத்துப் பிரிக்கப் பழக்கினார்கள்; கூடவே உச்சரிப்புப் பயிற்சியும் கொடுத்தார்கள். சம்பந்தமில்லாத ஒலிகளைக் கேட்ட குழந்தைகளைவிட இவர்கள் நன்றாக முன்னேறினார்கள்.

'க' எங்கே பிறக்கிறது, 'த' எங்கே பிறக்கிறது என்பது நமக்குப் புதுசு இல்லை. தொல்காப்பியத்தில் பிறப்பியல் என்று ஓர் இயலே இருக்கிறது. அடிநாக்கு மேலண்ணத்தின் அடியைத் தொட்டால் 'க'. நுனிநாக்கு மேல்பல்லின் அடியைத் தொட்டால் 'த'. பேச்சுப் பயிற்சியாளர் குழந்தையை மல்லாக்கப் படுக்கச் சொல்லி 'க' சொல்லப் பழக்குவதைப் பார்த்தால் ஆச்சரியப்படாதீர்கள். படுத்தால் நாக்கு தானாகப் பின்னால் சரியும். உட்கார்ந்த நிலையில் வாயில் வெறுமனே தண்ணீர் கொப்பளிப்பதுபோல் 'க்ர்ர்' என்று பாவனை செய்யச் சொல்வதும் அதற்குத்தான். இந்தக் கட்டத்தைப் பயிற்சி பெற்றவரிடமே செய்யுங்கள். 1992-ம் வருஷச் சட்டப்படி அமைந்த இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்தவரா என்று தைரியமாகக் கேளுங்கள், தப்பில்லை. மைசூரில் 1965-ல் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு, செவிப்புலன் நிறுவனம் இந்தத் துறையில் நம் நாட்டின் தாய்வீடு மாதிரி.

காதுப் பயிற்சிக்கு மசியாத குழந்தைகளும் உண்டு. ஒரே சொல்லை மூன்று தடவை மூன்று விதமாகச் சொல்வது, சொல்ல முயலும்போது வாய் தடுமாறித் தேடுவது போன்றவை தெரிந்தால், அது மூளையிலிருந்து வாய்க்குப் போகும் கட்டளையில் உள்ள சிக்கலாக இருக்கலாம். அதற்கு அடிக்கடி, தீவிரமான வாய்ப் பயிற்சி தேவை. அன்னப்பிளவு உள்ள குழந்தைக்கும் வழி வேறு.

பணம் பிடுங்கும் ஹெட்போன்கள்

'கேட்டல் சிகிச்சை' என்ற பெயரில் இன்னொரு சரக்கும் சந்தையில் இருக்கிறது. பிரான்ஸைச் சேர்ந்த ஆல்ஃபிரெட் தோமாத்தி என்ற காது டாக்டரின் யோசனையிலிருந்து கிளைத்தவை இதில் பல. குழந்தையின் தலையில் ஹெட்போனை மாட்டி, வடிகட்டி மாற்றிய சங்கீதத்தை நாள் கணக்கில் கேட்க வைப்பார்கள். ஆயிரக்கணக்கில் பணம் கேட்பார்கள். சங்கீதம் நல்லதுதான். ஆனால் அதைக் கேட்டு உச்சரிப்பு திருந்தும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. 'க' வராத குழந்தை கேட்க வேண்டியது 'க'வைத்தான். அதுவும் உயிருள்ள மனுஷர் வாயிலிருந்து. அந்த நோக்கில் செல்போனில் ஓடும் ரைம்ஸையும் நான் நம்புவதில்லை. அது பேசிக்கொண்டே போகும். குழந்தை என்ன சொல்கிறது என்று கேட்காது.

'இங்கிலீஷ் மீடியம், அதனால வீட்ல தமிழ் பேசாதீங்க' என்று ஆலோசனை சொல்பவர்களும் உண்டு. இரண்டு மொழி கேட்பதால் உச்சரிப்புக் கோளாறு வருவதில்லை. நீங்கள் இயல்பாகப் பேசும் மொழியில்தான் உங்கள் ஒலிகள் தெளிவாக இருக்கும். அதையே பேசுங்கள்.

எத்தனை நாளில் சரியாகும் என்று கேட்காத பெற்றோர் இல்லை. ஒரே ஒரு ஒலியில் மட்டும் தகராறு என்றால் சில மாதங்களில் முடியலாம். ஐந்தாறு ஒலிகள் குழம்பியிருந்தால் ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகலாம். எழுத்துக் கூட்டிப் படிக்கிற வயதுக்கு முன்னால் ஆரம்பிப்பது நல்லது. சொல்லுக்குள் ஒலியைப் பிரிக்கத் தெரியாத பிள்ளை, படிக்கவும் எழுதவும் கஷ்டப்பட வாய்ப்பு அதிகம்.

பயிற்சியாளரிடம் முதல் தடவை போகும்போது ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டு போங்கள். ஒரு வாரம் குழந்தை பேசுவதைக் கவனித்து, ஒரு பக்கத்தில் சரியான சொல், எதிர்ப் பக்கத்தில் குழந்தை சொன்ன விதம் என்று நாற்பது ஐம்பது சொற்கள் எழுதுங்கள். எப்போதெல்லாம் சளி பிடித்தது, காதைப் பிடித்து இழுத்துக்கொண்டதா, வாய் திறந்து தூங்குகிறதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். செவிப் பரிசோதனை ரிப்போர்ட்டை அதிலேயே ஒட்டிவிடுங்கள். புது இடத்தில் குழந்தை வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தாலும், அன்றைக்கே வேலையை ஆரம்பிக்க இந்த நோட்டு போதும்.